மானிட்டருக்கு வடக்கு எந்தப் பக்கம்

"எல்லாம் முடிஞ்சிருச்சு அன்பு. கடைசியா நீ கொஞ்சம் பவுடர் பூசி விட்டேன்னா போதும்," என்றார் பாக்கியராஜ்.

அவர் 'எல்லாம்' என்று சொன்னது சிகரம் பில்டரை. திண்டுக்கல் பழனி ரோட்டில், பூட்டு மொத்த வியாபாரக் கடைக்கு மேல் மாடியில், ஆறு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சிகரம் சிஸ்டம்ஸ் இரண்டு வருஷமாக உருட்டி எடுத்த சரக்கு அது. கடைக்கும் லாட்ஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சாப்ட்வேர் எழுதுகிற புரோகிராமர்கள், ஒவ்வொரு ஸ்கிரீனையும் அடியிலிருந்து எழுதிக்கொண்டிருக்காமல், கட்டங்களை இழுத்துப் போட்டுச் செய்துகொள்வதற்கான கருவி. 2004-ல் அந்த ஊரில் அப்படி ஒன்றைச் செய்தது பெரிய காரியம்தான். பாக்கியராஜே அதை ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லிவிடுவதால் மற்றவர்கள் மெனக்கெடவில்லை.

அன்புக்கரசி அங்கே டிசைனர். அதற்கு முன்னால் கீழே, பூட்டுக் கடைக்குப் பக்கத்தில், அதே பாக்கியராஜின் டி.டி.பி. கடையில் ஏழு வருஷம் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்து நோட்டீசும் அடித்தவள். ஆறு மாதத்துக்கு முன்னால் கோயம்புத்தூர் போய்வந்த பாக்கியராஜ், அங்கே ஒரு கம்பெனியில் டிசைனர் என்று ஒருத்தர் தனி மேசை போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். நம்மிடமும் ஒன்று இருக்கட்டும் என்று அவளை மாடிக்கு ஏற்றினார். சிலர் வரவேற்பறையில் மீன் தொட்டி வைப்பார்கள் இல்லையா, அந்தக் கணக்கில்.

"பவுடர் பூசுறதுக்கு முன்னாடி மூஞ்சியக் கழுவணும்ல சார். இத வச்சு யாராச்சும் வேல பாக்குறத நாம ஒரு நாளாவது பாத்திருக்கோமா?"

"எதுக்குப் பாக்கணும்? இத வாங்குறவன் யாரு? படிச்ச புரோகிராமர். பத்தாப்பு பெயிலானவனா?"

அடுத்த மேசையிலிருந்து பிரின்ஸ் திரும்பினான். பாக்கியராஜின் அக்கா மகன். பில்டரில் முக்கால்வாசி அவன் எழுதியது. அது அவனுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

"புரோகிராமருக்கு எதுக்குக்கா டிசைன்? அவன் எதுலயும் சமாளிச்சுக்குவான்."

"சமாளிக்கத்தான் போறான்னா அவனே எழுதிட்டுப் போறான். நம்மள எதுக்கு வாங்குறான்?"

"ஐகான் எல்லாம் நானே போட்டுட்டேன். ஒரு சிடியில நாலாயிரம் ஐகான் ஓசியா வந்துச்சு."

"அதான் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையா நிக்குதா? நியூவுக்கும் சேவுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லு பாப்போம். ரெண்டும் அரிசி மணி அளவு சதுரம். ஒண்ணு வெள்ள, ஒண்ணு அழுக்கு வெள்ள."

"உத்துப் பாத்தா தெரியும்க்கா."

"உத்துப் பாக்குறதுக்கு அது என்ன பூட்டுக்குள்ள விழுந்த சாவியா?"

பாக்கியராஜ் கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார். "அன்பு, இங்க பாரு. வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, கோயம்புத்தூர்ல இருந்து ஆள் வருது. எம்பது புரோகிராமர் இருக்குற கம்பெனி. அவங்க எடுத்தா நீ மேலயே இரு. எடுக்கலேன்னா டிசைனருக்கு இங்க என்ன வேல இருக்கு, நீயே சொல்லு. கீழ வைகாசிப் பத்திரிகை மலையாக் கெடக்கு."

கீழே அடிக்கிற நோட்டீஸ் விசேஷம் முடிந்த மறுநாள் குப்பைக்குப் போய்விடும். அதில் ஒரு எழுத்து கோணலாக இருந்தால் ஒரு நாள் கோணல். மேலே அப்படியில்லை. பில்டரில் ஒரு பட்டனை எங்கே வைக்கிறார்களோ, அதை வைத்துச் செய்கிற அத்தனை ஸ்கிரீனிலும் அந்தப் பட்டன் அங்கேயே முளைக்கும். இங்கே ஒரு தப்பு செய்தால் நூறு கடையில் தப்பு. இங்கே ஒன்றை ஒழுங்காக வைத்தால் முகம் தெரியாத நூறு பேருக்குக் கை ஒழுங்காகப் போகும். அந்த மாடியில் இது புரிந்த ஒரே ஆள் அன்புக்கரசிதான். புரிந்த பிறகு மறுபடி படியிறங்கிப் போய் மணமகன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட அவளுக்கு மனசில்லை.

மறுநாளே பழனியிலிருந்து பேச்சிமுத்து வந்து நின்றார். தனி ஆளாக லாட்ஜுகளுக்கு சாப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறவர். அவருக்குப் பரிசோதனைக்கென்று பில்டரை ஓசியாகக் கொடுத்திருந்தார்கள். கையில் ஹெல்மெட்டும் முகத்தில் மூன்று நாள் தாடியுமாக இருந்தார்.

"ஏனுங்க, ஒரு வாரம் இழுத்துப் போட்டுச் செஞ்ச ஸ்கிரீன் ஒரே அமுக்குல போயிருச்சுங்க."

"எத அமுக்குனீங்க?" என்றான் பிரின்ஸ், திரும்பாமலே.

"சேவ் அமுக்கப் போனனுங்க. பக்கத்துல இருக்குற நியூ அமுங்கிருச்சு. ஒரு வார்த்த கேக்காம எல்லாத்தையும் வழிச்சுத் தொடச்சிருச்சுங்க."

"மேனுவல் படிச்சீங்களா?"

"படிச்சனுங்க. நியூ பட்டன அமுக்கும்போது கவனமா இருக்கணும்னு நாப்பத்திமூணாம் பக்கத்துல போட்டிருக்கீங்க."

"அப்புறம் என்ன?"

"நான் கவனமாத்தானுங்க இருந்தேன். கை கவனமா இல்லீங்க."

பிரின்ஸ் சிரித்தான். பாக்கியராஜும் சிரித்தார். பேச்சிமுத்து சிரிக்கவில்லை. அன்புக்கரசி தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க சார். எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே ஒரு ஸ்கிரீன் செஞ்சு காட்டுங்க. நான் பேசமாட்டேன்."

அவர் அரைமணி நேரம் செய்தார். அவள் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்தாள். சேவ் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கை ஒரு நொடி நின்று, பிறகு அமுக்கியது. போகிற ரோட்டில் நாய் படுத்திருப்பது தெரிந்தவன் நடப்பது மாதிரி.

"இத வச்சு நீங்க செஞ்ச லாட்ஜ் ஸ்கிரீன்ல எப்படி?" என்று கேட்டாள்.

"அதுலயும் அதே பட்டிதானுங்க. உங்க பில்டர்ல எதச் செஞ்சாலும் மேல நியூ, சேவ், டெலீட்னு ஒட்டுனாப்ல ஒரு பட்டி தானா வந்து உக்காந்துக்குது. எடுக்கவும் முடியல, நகத்தவும் முடியல. ஒரு நாளைக்கு வந்து பாருங்க மேடம்."

சனிக்கிழமை அவள் சொந்தக் காசில் பழனிக்கு பஸ் ஏறினாள். அடிவாரத்தில் பேச்சிமுத்து கூட்டிப்போன லாட்ஜில், கவுண்டரில் மாயம்மாள் என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்த மானிட்டர் கண்ணாடியில், மேலே இடது ஓரமாக, சிவப்பில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

"இது எதுக்குங்க?" என்றாள் அன்புக்கரசி.

"அந்த எடத்தத் தொடக்கூடாதுன்னு அடையாளமுங்க."

"தொட்டா?"

"மாசிக் கடைசியில தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு பஸ் ஆளுங்க வந்தாங்க. நாப்பது பேரு. பேரு, வயசு, ஊரு எல்லாம் அடிச்சு முடிச்சு சேவுக்குப் போனேன். பொசுக்குன்னு ஒரே வெள்ள. மறுபடி மொதல்ல இருந்து பேரு சொல்லுங்கன்னா, 'அம்மணி, நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள நாங்க மலையேறி எறங்கியிருப்போம்'கறாங்க. காவடி தூக்கிட்டு வந்தவரு அதத் தோள்ல இருந்து எறக்காமயே நிக்கறாருங்க. அன்னிக்குத்தான் என் பொட்ட எடுத்து இதுக்கு வச்சேன்."

"வேற லாட்ஜுலயும் இருக்கா?"

பேச்சிமுத்து விரலை மடக்கினார். "முக்குல இருக்கறதுல கறுப்புப் பொட்டுங்க. பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கறதுல பச்ச. ஒருத்தர் மட்டும் திருநீறு பூசி வச்சிருந்தாரு, ஃபேன் காத்துக்கு நிக்கல."

திங்கட்கிழமை காலை அன்புக்கரசி இதையெல்லாம் பாக்கியராஜிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நாலு லாட்ஜுலயா நம்ம பில்டர் ஓடுது? பாத்தியாடா பிரின்ஸு, பொட்டு வச்சுக் கொண்டாடுறாங்க."

"கொண்டாடல சார். பயந்து கெடக்காங்க."

"எல்லாம் பழகிரும்."

அவள் காகிதத்தை விரித்தாள். நியூவை இடது மேல் ஓரத்தில் தனியாக நிறுத்தி, சேவை இடது கீழே பெரிசாக வைத்து, டெலீட்டை வலது கீழே தள்ளி, அழிக்கிற எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒரு கேள்வி கேட்டு நிறுத்துகிற மாதிரி பென்சிலில் போட்டிருந்தாள். பழனியிலிருந்து திரும்பும் பஸ்ஸில், மடியில் வைத்துப் போட்டது. பாக்கியராஜ் அதைப் பார்த்தார். பிறகு டீ கிளாசை அதன் மேலேயே வைத்தார்.

"பிரின்ஸு, இத மாத்துறதுக்கு எத்தன நாளு?"

"ஒரு மாசம் மாமா."

"பட்டன நகத்துறதுக்கு ஒரு மாசமா தம்பி?" என்றாள் அன்புக்கரசி.

"நகத்துறது இல்லக்கா. இது ஆர்க்கிடெக்சர்."

"ஆர்க்கிடெக்சர்னா என்ன?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது."

"நான் வரைஞ்சது உனக்குப் புரிஞ்சுதுல்ல?"

"அது படம்க்கா. யாருக்கும் புரியும்."

"யாருக்கும் புரியணும்னுதான வரையிறேன்."

பாக்கியராஜ் எழுந்தார். "சரி சரி. வெள்ளிக்கிழமைக்கு ஒரு மாசம் இல்ல. நீ கலர மட்டும் பாரு. கொஞ்சம் நீலம் தூக்கலா."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு போன் வந்தது. வேறு ஒரு கம்பெனியின் கருவியையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம் என்றார்கள். பாக்கியராஜ் போனை வைத்துவிட்டு, நெற்றியைத் தடவிக்கொண்டு, மாடியின் நீளத்துக்கு மூன்று நடை நடந்தார். பிறகு அவருடைய மச்சானுக்குப் போன் போட்டார். மச்சானுக்குத் தோல் பதனிடுகிற ஷாப். போன வருஷம் அதன் காம்பவுண்டுச் சுவரை வாஸ்துப்படி நாலடி உள்ளே தள்ளிய மூன்றாம் மாதமே வெளிநாட்டு ஆர்டர் கிடைத்தது என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிற சேதி.

தன் கருவியை வைத்து வேலை செய்கிறவர்களைப் பார்க்கப் பழனி வரைக்கும் போகாத மனுஷன், சேவுகம்பட்டிக்கு கார் அனுப்பி வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார்.

"சர்ச்சுல ஃபாதர் கேட்டா என்ன மாமா சொல்லுவ?" என்றான் பிரின்ஸ்.

"ஃபாதர் கம்ப்யூட்டர் கம்பெனியா நடத்துறாரு? மூடிக்கிட்டு உக்காருலே."

வந்தவர் ஆண்டிச்சாமி. அறுபது வயது, வெள்ளை வேட்டி, கழுத்தில் ஒரு துண்டு, இடுப்பில் சின்னத் திசைகாட்டி. ரூமைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பில்டிங்கு குத்தமில்ல மொதலாளி. படி மட்டும் கொஞ்சம் செங்குத்து," என்றார்.

"பில்டிங்கு இல்லங்கய்யா. இது." பாக்கியராஜ் மானிட்டரைக் காட்டினார். "இதுக்குள்ள இருக்கறதுக்கு."

ஆண்டிச்சாமி மானிட்டரைப் பார்த்தார். பாக்கியராஜைப் பார்த்தார். மறுபடி மானிட்டரைப் பார்த்தார்.

"ஆள் உள்ள போயி பொழங்குறாகளா?"

"பொழங்குற மாதிரிதாங்கய்யா. நாளு பூரா இதுக்குள்ளதான் கெடப்பாங்க."

"அப்பப் பாத்துருவோம்."

திசைகாட்டியை மானிட்டருக்கு முன்னால் பிடித்தார். முள் கிறுகிறுவென்று சுற்றி, ஒரு பக்கம் போய் நடுங்கி, மறுபக்கம் போய் ஒட்டிக்கொண்டது. கையைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார். முள் எங்கும் நிற்கவில்லை.

"முப்பது வருசத்துல இப்படி ஒரு எடத்த நான் பாக்கல. திசையே இல்லையே இதுக்கு."

"மானிட்டர்ல காந்தம் இருக்கு," என்றான் பிரின்ஸ்.

"அப்ப வடக்கு எது?"

பாக்கியராஜ் பிரின்ஸைப் பார்த்தார். பிரின்ஸ் ஜன்னலைப் பார்த்தான். மலைக்கோட்டை எந்தப் பக்கம் என்று யோசித்தான் போலிருக்கிறது. இரண்டு வருஷமாக அந்த ஸ்கிரீனைச் செய்தவர்களில் ஒருத்தருக்கும் அதன் மேல் எது, கீழ் எது என்று கேட்கத் தோன்றியதில்லை.

"மேல வடக்குங்கய்யா," என்றாள் அன்புக்கரசி.

"எப்படிச் சொல்ற தாயி?"

"கண்ணு மொதல்ல மேலதான் போகும். மேப்புலயும் மேல வடக்குதான். அப்படியே வச்சுக்கங்க."

அவளுடைய பென்சில் படம், டீ கிளாசின் வட்டத்தோடு, இன்னும் அதே மேசையில்தான் கிடந்தது. அதை எடுத்து, யார் கண்ணிலும் படாமல், அவள் குப்புறப் புரட்டி வைத்தாள். மேலே வடக்கு என்றால் மற்ற மூலைகள் தன் படத்தில் எங்கே விழும் என்று அவள் கணக்குப் போட்டு முடித்திருந்தாள். அவளும் ஏழு வருஷம் வீடு குடிபோகும் பத்திரிகை அடித்தவள்தானே.

ஆண்டிச்சாமி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "சரி, ஒவ்வொண்ணாச் சொல்லு. இது என்ன?"

"நியூ. புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறதுக்கு."

"இது?"

"சேவ். செஞ்சதப் பத்திரமா வைக்கிறதுக்கு."

"அதுக்கடுத்து?"

"டெலீட். அழிக்கிறதுக்கு."

ஆண்டிச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "யாரு இத இப்படி வச்சது? பத்திரம் பண்ற பெட்டிக்கு ஒரு பக்கம் வாசப்படி, மறு பக்கம் அடுப்பு. மூணையும் ஒரே நிலையில ஒட்டி வச்சிருக்கீக. இதுல ஆள் எப்படிப் பொழங்குவான்?"

பிரின்ஸ் வாயைத் திறந்தான். பாக்கியராஜ் முறைத்ததும் மூடினான்.

"பத்திரம் பண்றது கன்னி மூலையில இருக்கணும். கீழ, எடது கை பக்கம். கனமா இருக்கணும். அழிக்கிறது அக்னி, வலது பக்கம் கீழ. புதுசா வாரது போறது வாயு மூலை, எடது பக்கம் மேல. ஒண்ணுக்கொண்ணு மூஞ்சியப் பாக்கக்கூடாது."

"சரிங்கய்யா," என்று பாக்கியராஜ் எழுதிக்கொண்டார். டீ வைக்க ஆகாத காகிதமாகப் பார்த்து, ஒரு புது நோட்டில்.

"இந்தப் புதுசுங்கிறத அமுக்குனா என்ன ஆகும்?"

"முன்னாடி செஞ்சது எல்லாம் போயிரும்," என்றாள் அன்புக்கரசி.

"சொல்லாமயா?"

"சொல்லாமத்தான்."

"ரூமுக்கு நிலைப்படியே இல்லாம ஆளத் தெருவுல தள்ளுற மாதிரியில்ல இருக்கு. ஒரு நிலை வேணும் தாயி. செத்த நேரம் கால் நிக்கணும்."

"நிலைன்னா, போகவான்னு ஒரு கேள்வி கேட்டு நிறுத்துறது. அப்படித்தானங்கய்யா?"

"அதேதான்."

"அதையும் எழுதிக்கங்க சார்," என்றாள் அன்புக்கரசி. அவர் எழுதினார்.

எல்லாம் இப்படிச் சுமுகமாகவே போய்விடவில்லை. ஸ்கிரீனின் வலது மேல் ஓரத்தில் இருந்த எக்ஸ் குறியைக் கண்டதும் ஆண்டிச்சாமி எழுந்தே விட்டார்.

"ஈசானிய மூலையில வெளியேறுற வழியா? செல்வம் பூரா ஓடிருமே."

"அதத் தொடக்கூடாதுங்கய்யா. உலகத்துல எல்லாப் பெட்டியிலயும் மூடுறது அங்கதான் இருக்கு. மாத்துனா ஆளு தடுமாறிப் போவான்."

"எல்லாத்துலயும் அங்கயா?"

"எல்லாத்துலயும்."

"அப்ப உலகமே அதான் கஷ்டப்படுது."

"மாத்த முடியாத வாசல் வந்தா என்ன செய்வீங்க?"

"பரிகாரம்தான். நீர் வச்ச குடம் ஒண்ணு பக்கத்துல வைக்கலாம்."

அன்புக்கரசி எக்ஸுக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு குடம் வரைந்தாள். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, நல்லதும் இல்லை. பாக்கியராஜுக்கு மட்டும் அந்தக் குடம்தான் எல்லாவற்றிலும் ரொம்பப் பிடித்திருந்தது.

ஆண்டிச்சாமி போனதும் பாக்கியராஜ் நோட்டை பிரின்ஸ் முன்னால் வைத்தார். "எத்தன நாளுடா?"

"ரெண்டு நாள் மாமா."

"ஆர்க்கிடெக்சர் என்னாச்சு தம்பி?" என்றாள் அன்புக்கரசி.

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் தேவதர்ஷினி என்ற பெண்மணி. நாற்பது வயதிருக்கும். பாக்கியராஜ் பெரிய பிரியாணிக் கடையில் அண்டாவோடு சொல்லி வைத்திருந்தார். தேவதர்ஷினி வந்ததும் வராததுமாக, "நான் சைவமுங்க, ஒரு டீ போதும்," என்று சொல்லிவிட்டார். ஆகவே பிரியாணியை எதிர்கொள்ளும் பொறுப்பு ஆண்டிச்சாமிக்கு வந்தது. ராசிக்காக அவரையும் கூட்டிவந்து, ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்திருந்தார்கள். அன்புக்கரசியைப் பின்னால் பிரிண்டர் பக்கம் நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

பாக்கியராஜ் பேச ஆரம்பித்தார். இரண்டு வருஷ உழைப்பு, தென் மாவட்டத்தில் முதல் முறை, இளைஞர் சக்தி. தேவதர்ஷினி ஐந்து நிமிஷம் கேட்டார்.

"சார், நீங்க பேச வேண்டாமுங்க. நானே கொஞ்ச நேரம் செஞ்சு பாத்துக்கறேன்."

நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு மருந்துக்கடை ஸ்கிரீனை இழுத்துப் போட்டுச் செய்தார். பாதி செய்துவிட்டு, வேண்டுமென்றே நியூவை அமுக்கினார். ஸ்கிரீன் நின்றது. 'இதுவரை செய்ததைச் சேவ் பண்ணவில்லை. பண்ணிவிட்டுப் போகவா, அப்படியே விட்டுவிடவா?' என்று கேட்டது.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நேத்து பாத்த கம்பெனியில இத அமுக்குனதும் எல்லாம் போச்சுங்க. கேட்டா மேனுவல்ல இருக்குங்கறாங்க. இது யாரு செஞ்சது?"

"எங்க டீமு மேடம்," என்றார் பாக்கியராஜ்.

"டீம்ல யாருங்க?"

"நான்தான் மேடம் கோட் எழுதுனேன்," என்றான் பிரின்ஸ்.

"நல்லதுங்க. இந்தக் கேள்விய ஏன் இங்க வச்சீங்க? இந்தச் சேவ் பட்டன் ஏன் கீழ தனியா, பெரிசா இருக்கு? எங்க எம்பது பேருக்கு நான் எடுத்துச் சொல்லணும், அதான் கேக்கறேன்."

பிரின்ஸ் விழித்தான். அப்படி ஒரு கேள்விக்கு அவன் சிடியில் ஐகான் இல்லை. மாமாவைப் பார்த்தான். மாமா நீர்க்குடத்தைப் பார்த்தார்.

"வாஸ்து மேடம்," என்றான்.

"என்னங்க?"

"கன்னி மூலை."

தேவதர்ஷினி டீயைக் கீழே வைத்தார். பாக்கியராஜ், இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், அதையே பெருமையாக மாற்றிவிட்டார். "ஆமாங்க மேடம். சாஸ்திரமும் டெக்னாலஜியும் சேர்ந்த முதல் கருவி. எல்லாத்தையும் வகுத்துக் குடுத்தது ஐயாதான். எங்க டிசைன் குரு."

ஆண்டிச்சாமி எலும்பை இலையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்னையவா?"

"ஐயா, நீங்களே சொல்லுங்க," என்றார் தேவதர்ஷினி. "இந்தக் கேள்வி எதுக்கு வச்சீங்க?"

"அந்தப் பிள்ளையக் கேளுங்க தாயி." எச்சில் கையைத் தூக்கி, பிரிண்டர் பக்கம் நீட்டினார். "எனக்கு அந்தப் பெட்டிக்குள்ள என்ன தெரியும்? முள்ளே நிக்கல. வடக்கு எதுன்னு கேட்டேன், இவுக ரெண்டு பேரும் முழிச்சாக. அந்தப் பிள்ளைதான் சொல்லுச்சு. எது எதுக்குன்னு அதுதான் சொல்லுச்சு. நான் மூலையத்தான் சொன்னேன். அந்தக் குடம் வேணா என்னோடது."

"அதான் கேக்க நெனச்சேன், அது என்னன்னு," என்றார் தேவதர்ஷினி. "அத எடுத்துருங்க. மேடம், நீங்க இங்க வாங்க."

அன்புக்கரசி வந்தாள். பேச்சிமுத்துவின் கை தயங்கியதைச் சொன்னாள். மாயம்மாளின் பொட்டைச் சொன்னாள். காவடியோடு நின்ற மனுஷனைச் சொன்னாள். தேவதர்ஷினி நடுவில் ஒரு தடவை மட்டும், "கறுப்புப் பொட்டு வேறயா?" என்று கேட்டார். பிறகு இருவரும் ஸ்கிரீன் முன்னால் தலை குனிந்து முக்கால் மணி நேரம் பேசினார்கள். பாக்கியராஜ் பேச இடம் தேடித் தேடி, கடைசியில் ஃபேனின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது தேவதர்ஷினி சொன்னார். "எடுத்துக்கறோமுங்க. ஆனா இன்னும் மாத்த வேண்டியது நெறைய இருக்கு. அதெல்லாம் அடுத்த வெர்ஷன்ல வரணும். அதப் பத்தி நான் இந்த மேடம்கிட்டத்தான் பேசுவேன்."

"கண்டிப்பா மேடம். அன்புவக் கண்டுபிடிச்சதே நான்தான்," என்றார் பாக்கியராஜ்.

கார் போன சத்தம் அடங்கியதும் அவர் மேலே வந்து, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "சொன்ன சொல்லுக்கு நிப்பேன் அன்பு. நீ மேலயே இரு."

"மேல இருந்தா மட்டும் பத்தாது சார்."

"வேற என்ன? தனி மேசையா?"

"அடுத்த வெர்ஷனுக்கு பிரின்ஸ் ஒரு வரி எழுதுறதுக்கு முன்னாடி நான் உக்காரணும். யாரு அத வச்சு வேல பாக்கப் போறான்னு போயிப் பாத்துட்டு வந்து, நான் வரைஞ்ச பிற்பாடுதான் அவன் எழுதணும்."

"அதெப்படி முடியும்?" பாக்கியராஜுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "வீடு கட்டுறதுக்கு முன்னாடியே பெயிண்ட்காரன் வருவானா?"

"பெயிண்ட்காரன் வரமாட்டான் சார். வாஸ்துக்காரர் வருவாரு."

ஆண்டிச்சாமி கை கழுவிவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். "அது வாஸ்தவம் மொதலாளி. கட்டுன பொறவு கூப்புட்டா நாங்க குடம்தான் வைக்க முடியும்."

பாக்கியராஜ் அவரை ஒரு பார்வையும், அவளை ஒரு பார்வையும் பார்த்தார். அவள் பென்சிலில் போட்டபோது ஒரு மாசம் ஆகும் என்ற வேலை, ஆண்டிச்சாமி வாயால் வந்ததும் இரண்டு நாளில் முடிந்தது ஏன் என்று இப்போதும் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. கோயம்புத்தூர்க்காரி யாரிடம் பேசுவேன் என்றாள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது.

"சரி. திங்கக்கிழம பத்து மணிக்கு உக்காருவோம்."

"பிரின்ஸ் எத்தன மணிக்கு வருவாப்ல?"

"அவன் ஒம்போதரைக்கே வந்துருவான்."

"அப்ப நான் ஒம்போதுக்கு வாரேன்," என்றாள் அன்புக்கரசி.